டெக்சாஸ் பள்ளிகளில் துப்பாக்கி ஏந்திய போலீஸ் கட்டாயம்: நடைமுறையில் அது என்ன செய்கிறது?

கேள்வி இது: வேலை மாற்றலாகி டெக்சாஸுக்குப் போகிறது ஒரு குடும்பம், பிள்ளை ஐந்தாம் வகுப்பு. அங்கே ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் துப்பாக்கியோடு ஒரு காவலர் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். அதனால் பிள்ளைக்குப் பாதுகாப்பு கூடுமா, இல்லை வேறு தொல்லைதான் வருமா?

முதலில் நேரடியான பதில். பள்ளியில் போலீஸ் இருந்தால் மாணவர்களுக்குள் நடக்கும் அடிதடி கொஞ்சம் குறைகிறது. துப்பாக்கிச் சூடு நடப்பது குறைவதாக நல்ல தரவு எதுவும் காட்டவில்லை. சூடு தொடங்கிவிட்டால், பக்கத்தில் இருக்கும் காவலர் உடனே உள்ளே போனால், சாவு குறையும். போகாவிட்டால் அவர் இருந்தும் பயனில்லை. இரண்டும் நடந்திருக்கின்றன. சட்டம் ஒரு ஆளும் ஒரு துப்பாக்கியும் இருக்கவேண்டும் என்கிறது. அந்த ஆள் யார், என்ன பயிற்சி, யார் சொன்னால் எதைச் செய்வார், எதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் உள்ளூர் பள்ளி டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, எழுதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் அன்றாடத்தைத் தொடுவது அந்த ஒப்பந்தம்தான். ஆனால் அதைப் படித்துப் பார்க்கும் பெற்றோர் மிகக் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். டெக்சாஸின் யுவால்டி நகரில், ராப் தொடக்கப் பள்ளியில், 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு நிறைவேறியதுதான் ஹவுஸ் பில் 3 என்ற இந்தச் சட்டம். 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஒவ்வொரு வளாகத்திலும் வழக்கமான பள்ளி நேரத்தில் ஆயுதம் ஏந்திய பாதுகாப்பு அதிகாரி ஒருவராவது இருக்கவேண்டும். அவர் மூன்று வகையில் ஒருவராக இருக்கலாம். டிஸ்ட்ரிக்ட் சொந்தமாக வைத்திருக்கும் போலீஸ் துறையின் காவலர். நகரப் போலீஸோ கவுண்டி ஷெரிஃப் அலுவலகமோ அனுப்பி வைக்கும் ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர், அதாவது எல்லோரும் எஸ்ஆர்ஓ என்று சொல்பவர். அல்லது பாதுகாப்பு வேலைக்கென்று அமர்த்தப்பட்ட, போலீஸ் உரிமம் உள்ள வேறொருவர்.

ஆனால் சட்டத்திலேயே ஒரு பின்வாசல் இருக்கிறது. பணம் போதவில்லை, அல்லது தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்றால் டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு விலக்கு எடுத்துக்கொள்ளலாம். விலக்கு எடுத்தால் மாற்று ஏற்பாடு ஒன்றை எழுத்தில் வைக்கவேண்டும். அந்த மாற்று, பள்ளி ஊழியரே துப்பாக்கி வைத்துக்கொள்வதாகவும் இருக்கலாம். 'ஸ்கூல் மார்ஷல்' என்பவர் 80 மணி நேரப் பயிற்சி முடித்த ஊழியர். அதற்கும் கீழே, கைத்துப்பாக்கி உரிமமும் மாநிலத்தின் பள்ளிப் பாதுகாப்புப் பயிற்சியும் மட்டும் உள்ள ஊழியர் அல்லது ஒப்பந்த ஆள். இவர்களைப் பொதுவாக 'கார்டியன்' என்பார்கள். டெக்சாஸில் போலீஸ் ஆக 700 மணி நேரத்துக்கு மேல் அடிப்படைப் பயிற்சி வேண்டும். ஆக, "எங்கள் பள்ளியில் ஆயுதம் ஏந்திய காவலர் இருக்கிறார்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் 700 மணி நேரப் பயிற்சி உள்ளவரும் வருவார், ஒரு வாரம்கூடப் பயிற்சி எடுக்காதவரும் வருவார்.

டெக்சாஸுக்கு முன்னோடி புளோரிடா. 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாண்டில் உள்ள மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபின், ஒரு மாதத்துக்குள் சட்டம் கையெழுத்தானது. அங்கும் போலீஸ், கார்டியன், தனியார் பாதுகாவலர் என்று பல வழிகள் உண்டு. கார்டியன் பயிற்சி டெக்சாஸைவிடக் கடுமை: 144 மணி நேரம், அதில் 80 மணி நேரம் துப்பாக்கிப் பயிற்சி, தேர்வில் 85 சதவீதம் எடுத்தாகவேண்டும், மனநலப் பரிசோதனையும் உண்டு. 2019-ல் வகுப்பு ஆசிரியர்களும் கார்டியன் ஆகலாம் என்று சட்டத்தை விரித்தார்கள். கென்டக்கி 2022-ல் ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு எஸ்ஆர்ஓ வேண்டும் என்றது, ஆனால் பணமும் ஆளும் கிடைக்கும் அளவுக்கு. டென்னசி கட்டாயப்படுத்துவதைவிட, 2023-ல் 14 கோடி டாலர் ஒதுக்கி மானியமாகக் கொடுத்தது.

பணக் கணக்கைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கவேண்டும், ஏனென்றால் சட்டம் பல இடங்களில் தடுக்கி விழுவது இங்கேதான். 2023-ல் டெக்சாஸ் அரசு கொடுத்தது ஒரு வளாகத்துக்கு ஆண்டுக்கு 15,000 டாலர், கூடவே மாணவர் ஒருவருக்கு 10 டாலர். 600 பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு மொத்தம் 21,000 டாலர். ஒரு முழுநேரக் காவலரின் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, சீருடை, ரேடியோ, வண்டி எல்லாம் சேர்த்தால் டெக்சாஸின் புறநகர்ப் பகுதியில் இது மூன்றில் ஒரு பங்குகூட வராது. 2025-ல் இதை வளாகத்துக்கு 33,540 டாலர், மாணவருக்கு 20 டாலர் என்று உயர்த்தினார்கள். அதே பள்ளிக்கு இப்போது 45,540 டாலர். இன்னும் பற்றாக்குறைதான். இந்தத் தொகையிலேயே வேலி, பூட்டு, கேமரா, அவசர பொத்தான் எல்லாம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநிலத்தில் 9,000-க்கும் மேற்பட்ட வளாகங்கள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் போலீஸுக்கு ஆள் பஞ்சம். அதனால் பெரிய டிஸ்ட்ரிக்டுகள்கூட உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போலீஸை வைத்துவிட்டு, தொடக்கப் பள்ளிகளுக்கு விலக்குத் தீர்மானம் போட்டன. உங்கள் பிள்ளை ஐந்தாம் வகுப்பு என்பதால் இது உங்களை நேராகப் பாதிக்கும்.

ஒரு பணியிடத்துக்கு ஒரு ஆள் போதாது என்பதையும் பட்ஜெட் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். காவலருக்கு விடுப்பு உண்டு, காய்ச்சல் வரும், வருடாந்திர துப்பாக்கித் தகுதித் தேர்வு உண்டு, தான் கைது செய்த வழக்குக்காக நீதிமன்றம் போகவேண்டும். அன்றைக்கெல்லாம் பதிலாள் யார்? ஷெரிஃப் அலுவலகம் அனுப்பும் எஸ்ஆர்ஓ என்றால், நெடுஞ்சாலையில் பெரிய விபத்து நடந்தால் அவரை அங்கே கூப்பிட்டுவிடுவார்களா? இதெல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால், சட்டப்படி காவலர் உள்ள பள்ளியில் வருடத்தில் பல நாட்கள் காவலர் இருக்கமாட்டார்.

இனி, துப்பாக்கிச் சூடு தொடங்கிவிட்ட நிலை. அமெரிக்க சீக்ரெட் சர்வீஸின் தேசிய அச்சுறுத்தல் மதிப்பீட்டு மையம், 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை ஆராய்ந்து 2019-ல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலானவை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. பாதிக்குச் சற்றே குறைவானவை ஒரு நிமிடத்துக்குள். 3,000 மாணவர்கள் படிக்கும் டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளி என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 300, 400 மீட்டர் இருக்கும். இடுப்பிலும் மார்பிலும் பத்துப் பன்னிரண்டு கிலோ மாட்டிக்கொண்டு, எதிரே ஓடிவரும் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு, சத்தம் எந்தப் பக்கம் என்று கணித்தபடி அதைக் கடக்க ஒன்றரை நிமிடம் ஆனாலும் வியப்பில்லை. ஒரே ஒரு காவலர் பெரிய வளாகத்தில் சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டம் வாய்த்த பள்ளிகளும் உண்டு. 2018 மார்ச் 20 அன்று மேரிலாந்தின் கிரேட் மில்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் நடைபாதையில் சுடத் தொடங்கினான். அங்கிருந்த எஸ்ஆர்ஓ விரைந்து போய் அவனை எதிர்கொண்டார். காவலர் சுட்ட அதே நொடியில் அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அவனைத் தவிர ஒரு மாணவி இறந்தாள், அதற்குமேல் சாவு இல்லை. அதே ஆண்டு மே மாதம் இல்லினாய்ஸ் மாநிலத்தின் டிக்சன் உயர்நிலைப் பள்ளியில் எஸ்ஆர்ஓ துரத்திப் போய்ச் சுட்டு அடக்கினார், எந்த மாணவரும் சாகவில்லை. 2024 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியாவின் அபலாச்சி உயர்நிலைப் பள்ளியில் பள்ளிக் காவலர்கள் சில நிமிடங்களில் எதிரே வந்து நிற்க, சுட்டவன் சரணடைந்தான். ஆனால் அதற்குள் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இறந்திருந்தார்கள்.

மறுபக்கம் பார்க்லாண்ட். காவலர் ஸ்காட் பீட்டர்சன் முதல் சத்தம் கேட்டு இரண்டு நிமிட அளவில் கட்டடத்தின் வெளியே வந்துவிட்டார். உள்ளே போகவில்லை, பக்கத்துக் கட்டடத்தின் சுவர் ஓரமாக 48 நிமிடம் நின்றார். அவர்மீது வழக்குப் போட்டார்கள், 2023 ஜூனில் நடுவர் குழு விடுவித்துவிட்டது. இதைச் சட்டக் கோணத்திலும் புரிந்துகொள்ளவேண்டும்: ஒரு குறிப்பிட்ட ஆளைக் காப்பாற்றும் அரசியல் சாசனக் கடமை போலீஸுக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-லும் 2005-லும் சொல்லியிருக்கிறது. கட்டாயச் சட்டம் காவலரை வளாகத்தில் நிறுத்தும். ஆபத்தை நோக்கி அவர் உள்ளே ஓடுவதைக் கட்டாயப்படுத்த அதனால் முடியாது. டெக்சாஸின் சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 2018 மே 18 அன்று பள்ளிக் காவலர் தயங்காமல் ஓடினார், ஷாட்கன் குண்டு பட்டு உயிருக்குப் போராடினார். 10 பேர் இறந்தார்கள். யுவால்டியில் டிஸ்ட்ரிக்டுக்குச் சொந்தப் போலீஸ் துறையே இருந்தது. மொத்தம் 376 காவலர்கள் வந்து குவிந்தும், சுட்டவனை நெருங்க 77 நிமிடம் ஆனது.

யுவால்டியில் என்ன பிசகியது என்பது, உங்கள் பள்ளியில் எதைக் கேட்கவேண்டும் என்பதற்கு நேரடியான வழிகாட்டி. அங்கே தலைமை ஏற்கவேண்டியவர் யார் என்பது களத்தில் தெளிவாகவில்லை. குழந்தைகளோடு கொலைகாரன் உள்ளே இருக்கும்போதே, ஆபத்து ஓய்ந்து அவன் ஓர் அறைக்குள் முடங்கிவிட்டான் என்று முடிவு செய்து காத்திருந்தார்கள். ரேடியோ கட்டடத்துக்குள் சரியாக எடுக்கவில்லை. கதவு பூட்டியிருக்கிறது என்று நம்பி, திறந்து பார்க்காமலே சாவி தேடினார்கள். அந்த 111-ஆம் அறையின் பூட்டு பழுதானது என்பது பள்ளியில் பலருக்கு முன்பே தெரியும். கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளிப் படுகொலைக்குப் பின், அதாவது 1999 முதலே, சிறப்புப் படைக்காகக் காத்திராமல் முதலில் வந்தவர் உடனே உள்ளே போகவேண்டும் என்பதுதான் அமெரிக்கப் போலீஸ் பயிற்சியின் அடிப்படை. அதைப் பெரிய அளவில் கற்றுக்கொடுக்கும் அலர்ட் மையம் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் இது நடந்தது. வகுப்பறையில் பாடமாகக் கேட்ட பயிற்சியும், அதே கட்டடத்தில், அதே கதவுகளோடு, தனி ஆளாக நுழைந்து பழகிய பயிற்சியும் ஒன்றல்ல. உங்கள் பள்ளியின் காவலர் இரண்டாவதைச் செய்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

கருவிகளிலும் கவனிக்கவேண்டியவை உண்டு. பள்ளிக் காவலரின் துப்பாக்கி உறை, நேராக இழுத்தால் வராததாக இருக்கவேண்டும். மூன்றாம் நிலை ரிடென்ஷன் உறை என்பார்கள்: கட்டைவிரலால் மேல்மூடியைத் தள்ளி, இன்னொரு பூட்டையும் விடுவித்த பிறகுதான் துப்பாக்கி வெளியே வரும். சாப்பாட்டு மணி அடித்ததும் நடைபாதையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இடித்துக்கொண்டு போகும்போது, பின்னாலிருந்து ஒரு கை நீண்டால் துப்பாக்கி கழன்றுவிடக் கூடாது. சட்டைக்குள் போடும் சாதாரணக் கவசம் கைத்துப்பாக்கிக் குண்டைத் தாங்கும், ரைபிள் குண்டைத் தாங்காது. பார்க்லாண்ட், யுவால்டி இரண்டிலும் கொலைகாரர்கள் கொண்டுவந்தது ஏஆர்-15 வகை ரைபிள். அதனால் பல டிஸ்ட்ரிக்டுகள் கனமான தகடு வைத்த கவசத்தையும் ஒரு ரைபிளையும் பள்ளிக்குள்ளேயே, கைரேகை அல்லது எண் பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வைக்கின்றன. இது சரியான ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பெட்டி இருக்கும் அறையைக் காவலரைத் தவிர யார் யார் திறக்கமுடியும் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

துப்பாக்கி உள்ளே வந்தால் அதற்கான ஆபத்தும் உள்ளே வரும். 2018 மார்ச் 13 அன்று, ஒரே நாளில், வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவில் ஒரு பள்ளிக் காவலரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. கலிபோர்னியாவின் சீசைடில் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் நடத்திய ஆசிரியரின் துப்பாக்கியும் வகுப்பிலேயே வெடித்தது. டெக்சாஸில் ஒரு சிறிய டிஸ்ட்ரிக்டில் 2023-ல் கழிவறையில் விட்டுப்போன கைத்துப்பாக்கியை மூன்றாம் வகுப்புப் பிள்ளை கண்டெடுத்தது. விட்டுப்போனவர் டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகி. இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவர் கழிவறைக்குப் போகும்போது அதைக் கழற்றி எங்கே வைப்பது என்பது கேட்கச் சிறியதாகத் தெரியும். போலீஸ் அகாடமியில் அதை ஒரு பழக்கமாகவே ஊறவைக்கிறார்கள். குறுகிய பயிற்சியில் அது விட்டுப்போகிறது. சீருடையில்லாத ஊழியர் துப்பாக்கியோடு நடைபாதையில் நின்றால், வெளியிலிருந்து ஓடிவரும் போலீஸுக்கு அவர் கொலைகாரனா கார்டியனா என்று தெரியாது என்பது இன்னொரு சிக்கல்.

நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் மிக அரிதான நாளைப் பற்றியது. ஒரு பிள்ளை பள்ளியில் கழிக்கும் ஆயிரக்கணக்கான சாதாரண நாட்களில் அந்தக் காவலர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆய்வுகள் தெளிவாகப் பேசுகின்றன. ஆய்வாளர் லூசி சோரன்சன் தலைமையிலான குழு, 2014 முதல் 2018 வரையான தேசிய அளவிலான பள்ளித் தரவுகளை எடுத்து, போலீஸ் மானியம் கிடைத்த இடங்களையும் மயிரிழையில் தவறவிட்ட இடங்களையும் ஒப்பிட்டது. எஸ்ஆர்ஓ வந்த பள்ளிகளில் சண்டை போன்ற வன்முறை குறைந்தது. துப்பாக்கி தொடர்பான சம்பவங்கள் குறையவில்லை. இடைநீக்கம், வெளியேற்றம், போலீஸிடம் ஒப்படைப்பு, கைது எல்லாம் கூடின. வெள்ளையின மாணவர்களைவிடக் கறுப்பின மாணவர்கள்மீது அது இரண்டு மடங்குக்கும் மேல் விழுந்தது. எமிலி வைஸ்பர்ஸ்ட் டெக்சாஸை மட்டும் எடுத்துச் செய்த 2019 ஆய்வில், பள்ளிப் போலீஸுக்கு மத்திய அரசு மானியம் வந்த டிஸ்ட்ரிக்டுகளில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள்மீதான ஒழுங்கு நடவடிக்கை 6 சதவீதம் ஏறியது. உயர்நிலைப் படிப்பை முடிப்போர் விகிதம் சுமார் 2.5 சதவீதம் இறங்கியது.

இன்னொரு ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். 1980 முதல் 2019 வரை நடந்த 133 பள்ளித் துப்பாக்கிச் சூடுகளில், ஆயுதக் காவலர் இருந்த இடங்களில் சாவு விகிதம் 2.83 மடங்கு அதிகம் என்றது அது. இதை வைத்து 'காவலர் இருந்தால் அதிகம் பேர் சாவார்கள்' என்று சொல்வது அவசரம். காவலர் வைக்கும் பள்ளிகள் பெரும்பாலும் பெரியவை, சிக்கல் உள்ளவை. காவலரைப் பார்த்துப் பின்வாங்கியவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆனால் இந்த ஆய்வு ஒன்றை அழுத்தமாக நினைவூட்டுகிறது: இப்படித் தாக்க வருபவர்களில் பலர் சாகத் தயாராக வருகிறார்கள். சாவுக்கு அஞ்சாதவனைத் துப்பாக்கி காட்டி அச்சுறுத்தமுடியாது.

எந்த வயதுப் பிள்ளை என்பதும் முக்கியம். 2014-ல் கென்டக்கியின் கென்டன் கவுண்டியில் ஒரு பள்ளிக் காவலர் 8 வயதுப் பையனுக்கும் 9 வயதுப் பெண்ணுக்கும் கைவிலங்கு போட்டார். மணிக்கட்டு சிறியதாக இருந்ததால் முழங்கைக்கு மேலே, புஜத்தில், முதுகுப் பக்கமாக மாட்டினார். இருவருமே கவனக்குறைபாடு உள்ள குழந்தைகள். அது வரம்பு மீறிய பலப்பிரயோகம் என்று 2017-ல் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். 2015-ல் தென் கரோலினாவின் ஸ்பிரிங் வேலி உயர்நிலைப் பள்ளியில், வகுப்பைவிட்டு வெளியேற மறுத்த மாணவியைக் காவலர் மேசையோடு கவிழ்த்து இழுத்துப்போன காணொளியை நாடே பார்த்தது. அவர் வேலை போனது. இரண்டிலும் தொடக்கம் ஒழுங்குப் பிரச்சினை. தலைமையாசிரியரின் அறையில் முடிந்திருக்கவேண்டியதைக் காவலரிடம் கொடுத்தார்கள். டெக்சாஸ் 2019-லேயே ஒரு நல்ல விதியைக் கொண்டுவந்தது: வழக்கமான ஒழுங்கு நடவடிக்கைகளைப் பள்ளிக் காவலர்களிடம் ஒப்படைக்கக் கூடாது. அந்த விதி ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

பள்ளிக்கும் போலீஸ் துறைக்கும் இடையிலான ஒப்பந்தத்தை அங்கே எம்ஓயு என்பார்கள். டிஸ்ட்ரிக்ட் சொந்தப் போலீஸ் வைத்திருந்தால் அது கொள்கை ஆவணமாக இருக்கும். நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலோடு இவை பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். இல்லையென்றால் பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். காவலர் நிற்கும் இடம், எத்தனை மணிக்கு எங்கே சுற்றுகிறார் போன்றவற்றைத் தரமாட்டார்கள், அது நியாயமே. ஆனால் பின்வருபவை கட்டாயம் எழுத்தில் இருக்கவேண்டும்: ஆசிரியர் எந்தெந்தச் சூழலில் காவலரைக் கூப்பிடலாம், எதற்குக் கூப்பிடக்கூடாது, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் கைவிலங்கு, டேசர் (மின் அதிர்ச்சிக் கருவி), மிளகுத் தெளிப்பு பற்றிய விதி, சிறப்புக் கல்வித் திட்டத்தில் உள்ள பிள்ளைகளைப் பற்றிக் காவலருக்கு முன்கூட்டியே சொல்லப்படுமா, மாணவரை விசாரிக்கும் முன் பெற்றோரை அழைப்பார்களா, அவர் எஜமானர் தலைமையாசிரியரா, போலீஸ் சார்ஜென்டா, காவலரைப் பற்றிய புகாரை எங்கே கொடுப்பது, அவரை மாற்றச் சொல்லும் அதிகாரம் பள்ளிக்கு உண்டா. இந்தக் கடைசி உட்பிரிவு இல்லாத ஒப்பந்தத்தில், ஒத்துவராத காவலரைப் பள்ளி சகித்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

விசாரணை பற்றி ஒன்று தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் பிள்ளைகளைப் பெரியவர் கேட்டால் பதில் சொல்லியே பழக்குகிறோம். பள்ளி நிர்வாகி ஒரு மாணவரின் பையைச் சோதிக்க நியாயமான சந்தேகம் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொன்னது. தெருவில் போலீஸுக்குத் தேவையான அளவு ஆதாரம் தேவையில்லை. எஸ்ஆர்ஓ நிர்வாகியோடு சேர்ந்து சோதித்தால் எந்த அளவுகோல் என்பதில் நீதிமன்றங்கள் வேறுபடுகின்றன, பெரும்பாலும் பள்ளியின் தளர்வான அளவுகோல்தான் எடுக்கப்படுகிறது. 2011-ல், பள்ளியில் வைத்து விசாரிக்கப்பட்ட 13 வயது மாணவன் வழக்கில், உரிமைகளைச் சொல்லிவிட்டுத்தான் விசாரிக்கவேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும்போது பிள்ளையின் வயதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்றது அதே நீதிமன்றம். நடைமுறையில் உங்கள் பிள்ளைக்குச் சொல்லித்தரவேண்டியது ஒரே வாக்கியம்: "அப்பா அம்மா வந்தபிறகு பேசுகிறேன்." மரியாதையாக, ஓடாமல், கையை உதறாமல், திரும்பத் திரும்ப அதையே சொல்லலாம். விளையாட்டுக்குக்கூடக் குண்டு, கொலை, சுடுவேன் என்ற சொற்களைப் பள்ளியிலோ குரூப் சாட்டிலோ பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே அது அச்சுறுத்தல் வழக்காகவே பதிவாகலாம்.

காவலரைவிட அதிகம் காப்பாற்றுபவை சில உண்டு, அவை செய்தியில் வராதவை. முதலில் பூட்டு. பார்க்லாண்டில் கொலைகாரன் ஒரு வகுப்பறைக்குள்கூட நுழையவில்லை. நடைபாதையில் நின்று கதவுக் கண்ணாடி வழியாகச் சுட்டான். கண்ணாடியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் இருந்தவர்கள் தப்பினார்கள். அதனால் கேட்கவேண்டியது: வகுப்பறைக் கதவு உள்ளிருந்தே பூட்டுமா, பாடம் நடக்கும்போது பூட்டியே இருக்குமா, மறைவான மூலையைத் தரையில் குறித்திருக்கிறார்களா, பழுதான பூட்டைப் புகார் செய்தால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள். அடுத்தது எச்சரிக்கை. பார்க்லாண்டில் துப்பாக்கிப் பையோடு உள்ளே வந்தவனைப் பார்த்த ஆயுதமில்லாத ஊழியர் அபாய அறிவிப்புச் செய்யவில்லை. கைபேசியிலிருந்து 911 என்ற அவசர எண்ணுக்குப் போன அழைப்புகள் பக்கத்து நகரின் மையத்துக்குப் போய், அங்கிருந்து ஷெரிஃப் அலுவலகத்துக்கு மாற வேண்டியிருந்தது. அபலாச்சியில் சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்புதான் ஆசிரியர்களுக்கு அடையாள அட்டையோடு அவசர பொத்தான் கொடுத்திருந்தார்கள். அது அன்று வேலை செய்தது. எந்தக் கடைநிலை ஊழியரும் யாரையும் கேட்காமல் முழுப் பள்ளியையும் பூட்டச் சொல்லமுடியவேண்டும்.

மூன்றாவது, முன்கூட்டியே தெரிந்துகொள்வது. சீக்ரெட் சர்வீஸ் ஆராய்ந்த தாக்குதல்காரர்கள் அத்தனை பேரும் முன்பே கவலைப்பட வைக்கும் நடத்தையைக் காட்டியிருந்தார்கள். முறியடிக்கப்பட்ட 67 சதித் திட்டங்களை அதே மையம் 2021-ல் ஆராய்ந்தபோது, பெரும்பாலும் முதலில் கண்டுகொண்டவர்கள் சக மாணவர்களே. வர்ஜீனியா 2013-ல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழுவைக் கட்டாயமாக்கியது, டெக்சாஸ் 2019-ல். அந்தக் குழுவில் உளவியலாளர், ஆலோசகர், நிர்வாகி, காவலர் எல்லோரும் உட்காரவேண்டும். நல்ல எஸ்ஆர்ஓ உண்மையில் பயன்படுவது இங்கேதான்: பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்த, மதிய உணவில் கூட உட்கார்ந்து பேசுகிற காவலரிடம்தான் "அவன் ஒரு படம் அனுப்பினான், பயமா இருக்கு" என்று வந்து சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு பள்ளியாகச் சுழலும் காவலரிடம் சொல்லமாட்டார்கள். அதனால் ஒரே ஆள் ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளாவது இருப்பாரா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், கட்டாயச் சட்டத்தை நான் இப்போதைய வடிவில் ஆதரிக்கமாட்டேன். பெரிய உயர்நிலைப் பள்ளிக்கு முழுப் பயிற்சி பெற்ற, அந்தக் கட்டடத்திலேயே பழகிய காவலர் தேவை என்பதில் நியாயம் இருக்கிறது. 2020-ல் காவலர்களை அகற்ற முடிவு செய்த கொலராடோவின் டென்வர் நகரப் பள்ளி நிர்வாகம், அங்குள்ள ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபின் 2023-ல் திரும்ப அழைத்துக்கொண்டதைப் புரிந்துகொள்ளமுடிகிறது. ஆனால் பணமும் ஆளும் இல்லாத இடத்தில் எண்ணிக்கையை நிரப்பச் சொல்லும் சட்டம், நல்ல காவலருக்குப் பதில் அரைகுறைப் பயிற்சிக்காரரின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறது. சிறு தொடக்கப் பள்ளியில் அந்தப் பணம் ஒரு ஆலோசகருக்கும் ஒழுங்கான பூட்டுகளுக்கும் போயிருந்தால் பலன் அதிகம்.

நீங்கள் சேர்க்கப்போகும் பள்ளியைப் பொறுத்தவரை, பதிவு செய்யும் நாளிலேயே மூன்றைக் கேளுங்கள்: இந்த வளாகத்தில் இருப்பவர் உரிமம் பெற்ற போலீஸா, இல்லை விலக்கின்கீழ் வந்த மாற்று ஏற்பாடா; அவர் வராத நாளில் யார்; வகுப்பறைக் கதவுகள் பாடநேரத்தில் பூட்டியிருக்குமா. ஊழியர்களில் யார் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லமாட்டார்கள், ஆனால் அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று சொல்லவேண்டும்.

பள்ளிக்கு வெளியே செய்யவேண்டியது ஒன்று. சீக்ரெட் சர்வீஸ் அறிக்கையின்படி, துப்பாக்கி பயன்பட்ட தாக்குதல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கில் அந்தத் துப்பாக்கி பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ வந்தது. மிச்சிகனின் ஆக்ஸ்போர்ட் பள்ளியில் 2021-ல் நால்வரைக் கொன்றவனின் தாயும் தந்தையும் 2024-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டு சிறை பெற்றார்கள். டெக்சாஸில் துப்பாக்கி உள்ள வீடுகள் மிக அதிகம். பிள்ளை பிறந்தநாள் விழாவுக்கோ இரவு தங்கலுக்கோ நண்பன் வீட்டுக்குப் போகும்முன், ஒவ்வாமை உணவைச் சொல்லும் அதே அழைப்பிலேயே கேட்டுவிடலாம்: வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பெட்டியில் பூட்டியிருக்கிறதா, குண்டுகள் தனியாக இருக்கின்றனவா, திறக்கும் எண் பிள்ளைகளுக்குத் தெரியுமா. கேட்பதில் கூச்சம் வேண்டாம்; அங்குள்ள குழந்தை மருத்துவர்களே இதைக் கேட்கச் சொல்கிறார்கள். பதில் மழுப்பலாக வந்தால், "இங்கேயே வந்து விளையாடட்டுமே" என்று அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அழைத்துவிடுங்கள்.